முதல் அசையில் அழுத்தம்

தட்டச்சு செய்கிறவள் தான் தட்டுவதைப் படிக்கக் கூடாது. கடலூரில் நான் சேர்ந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் வாரமே இதைச் சொல்லிவிட்டார்கள். கண் தாளில் இருக்க வேண்டும், விரல் எழுத்தில் இருக்க வேண்டும், புத்தி எங்கேயாவது ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். பொருளைப் பார்க்க ஆரம்பித்தால் வேகம் போய்விடும். நான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினேன். பரீட்சைத் தாளில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு எழுதிய கடிதம் இருந்தது. அவர்களுக்குள் என்ன தகராறு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அறுபதுகளின் நடுவில் எனக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. கீழ வீதியில் ஒரு மாடியில் மொழிகளை ஆராய்கிற சின்ன அலுவலகம். இரண்டு அறை, மூன்று ஆராய்ச்சியாளர்கள், ஒரு பியூன், ஒரு டைப்பிஸ்ட். அந்த டைப்பிஸ்ட் நான். காலையில் கடலூர் பழைய டவுன் ஸ்டேஷனில், ஓ.டி. என்போம், பாசஞ்சர் ஏறுவேன். அது ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒன்றுவிடாமல் நின்று, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் சிதம்பரம் போய்ச் சேரும். சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வரும். நான் தாமதமாக வந்தால் அலுவலகத்தில் யாரும் என்னைக் கேட்பதில்லை, பாசஞ்சரைத்தான் திட்டுவார்கள்.

நான் அக்கா வீட்டில் இருந்தேன். எங்கள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை; அம்மா அதற்கப்புறம் ரொம்ப நாள் இருக்கவில்லை. அக்காவைக் கட்டிய மாமாதான் என்னை இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தார். ஆறு மாதம் தினமும் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். எங்கள் ஆட்களில் ஒரு பெண் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பது அப்போது புதிது. "கடலுக்குப் போறவன் வூட்டுப் பொண்ணுக்கு டைப்பு என்னாத்துக்கு?" என்று தெருவில் கேட்டார்கள். "வலை பின்ற வெரலுதான, எதுல வுட்டாலும் ஓடும்" என்று மாமா சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார். அன்றே எனக்கு டைப்பம்மா என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

மாமா விசைப்படகில் எஞ்சின் ஓட்டினார். அந்தப் படகுகள் அப்போதுதான் எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்தன. மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு போவார்கள், மாமா எஞ்சினைப் பார்த்துக்கொண்டு போவார். அக்காவுக்கு ஒரே ஆசைதான், புருஷன் கரையில் வேலை பார்க்க வேண்டும். படகு திரும்பும் நேரம் தாண்டினால் அடுப்பில் இருப்பதை இறக்கக்கூட மறந்துவிடுவாள். எத்தனையோ நாள் கருகிய குழம்பைத் தின்றிருக்கிறோம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நார்வேக்காரர் வந்தார். நெட்டையான மனிதர். தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தார், பேசுவதும் புத்தகம்தான். "தாங்கள் இப்பக்கத்தைத் தட்டச்சு செய்து முடித்தீர்களா?" என்று கேட்பார். பியூனிடம் "தேநீர் அருந்த விழைகிறேன்" என்றார். அவர் என்ன கேட்கிறார் என்று பியூன் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் டீக்கடைக்குப் போனான். ஆனால் மனிதர் நல்லவர், உரக்கப் பேசிப் பார்த்ததில்லை.

அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, அவருடைய சொந்த ஆராய்ச்சி. இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரே சொல்லாகும்போது அவர்கள் மொழியில் என்ன ஆகிறது, தமிழில் என்ன ஆகிறது என்று ஒப்பிடுவது. இன்னொன்று, ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தருவது. அரசாங்கத்தில் கடற்கரை ஊர்களிலிருந்து மூன்று ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் நார்வேயில் ஒரு படகுத் துறைக்கு அனுப்பி எஞ்சின் வேலை கற்றுக்கொடுக்கப் போகிறார்கள். அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. போகிறவர்கள் கொஞ்சமாவது அவர்கள் மொழியைப் படித்துவிட்டுப் போக வேண்டும். கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை எடுப்பார்கள், திரும்பி வந்ததும் உப்பனாற்றங்கரையில் கட்டுகிற ஒர்க்ஷாப் அவர் பொறுப்பில் வரும் என்று பேச்சு. அதாவது, கரையில் வேலை. அக்காவிடம் இதைச் சொன்ன நாளில் அவள் எனக்கு இரண்டு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள்.

நார்வேக்காரர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துத் தன் மொழியின் சங்கதியை விளக்கினார். இரண்டு சொல் சேர்ந்தால் முதல் சொல் உரக்கப் பேசும், இரண்டாவது சொல் மெல்லப் பேசும், ஆனால் வாயை மூடிக்கொள்ளாது என்றார். 'ஃபிஸ்கெபோட்' என்று ஒரு சொல். ஃபிஸ், கெ, போட் என்று மூன்று அசை. ஃபிஸ் மேல் முழு அழுத்தம், போட் மேல் அரை அழுத்தம், நடுவில் இருக்கிற கெ சும்மா கடந்து போகும். முதல் சொல் எங்கே முடிகிறது, இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்பது காதுக்குத் தெரிய வேண்டும். எல்லாச் சொல்லும் இப்படி முதல் அசையிலேயே இடிக்காது, 'மஷீன்ரும்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும், ஏனென்றால் மஷீன் தனியாக இருக்கும்போதே அப்படித்தான். எங்கள் ஆராய்ச்சியாளர்கள் சொல்லிப் பார்த்தார்கள். தமிழ் வாய் எல்லா அசைக்கும் ஒரே மரியாதை கொடுத்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மன்னிக்கவும், எனக்கு இது ஒரு சொல்லாகக் கேட்கவில்லை" என்றார்.

எனக்குச் சட்டென்று வந்துவிட்டது. நான் புத்திசாலி என்பதால் அல்ல, ஏற்கெனவே அதைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்பதால். முழு அழுத்தம் இருக்கிற அசைக்கு முன்னால் மேலே ஒரு ஒற்றைக் குறி, அரை அழுத்தத்துக்கு முன்னால் கீழே ஒரு காற்புள்ளி, அசைக்கு அசை நடுவில் ஒரு சின்னக் கோடு. அவர்கள் எழுத்துகளில் மூன்று எங்கள் இங்கிலீஷ் மிஷினில் கிடையாது. ஒன்றுக்கு, ஒரு எழுத்தைத் தட்டிப் பின்னால் நகர்த்தி அதன் மேலேயே சாய்கோடு போட வேண்டும். இன்னொன்றுக்கு உருளையை அரைப் பல் திருப்பித் தலையில் ஒரு சின்ன வட்டம் வைக்க வேண்டும். மூன்றாவதைக் கையால்தான் எழுத வேண்டும். இதையெல்லாம் பிரதி எடுக்கிற மெழுகுத்தாளில், அதாவது ஸ்டென்சிலில், செய்ய வேண்டும். ஸ்டென்சிலில் கொஞ்சம் பலமாகத் தட்டினால் வட்டமான எழுத்துகள் ஓட்டையாகக் கழன்று விழுந்துவிடும், அச்சில் மை அப்பிக்கொள்ளும். முதல் வாரம் பதினோரு தாள் பாழானது. பிறகு கை பழகியது. எந்த அசையில் பலமாக, எதில் மெல்ல என்று விரலே சொல்ல ஆரம்பித்தது. நான் வாசித்துக் காட்டியபோது நார்வேக்காரர் கண்ணைத் திறந்து, "தாங்கள் எங்கள் நாட்டுக்கு வந்ததுண்டா?" என்றார். நான் மெட்ராசுக்கே ஒரு தடவைதான் போயிருந்தேன்.

புத்தகம் இரண்டு பாகம். முதல் பாகத்தில் சொற்கள் மட்டும், அசை பிரித்து, அழுத்தக் குறி போட்டு, பன்னிரண்டு பக்கம். இரண்டாம் பாகத்தில் அவற்றின் பொருள், தமிழில். குழந்தை முதலில் ஓசையைத்தான் கற்கிறது, பொருள் பின்னால் வருகிறது, நாமும் அப்படியே செய்வோம் என்று அவர் சொன்னார். சொன்னது சரியோ தவறோ, அன்று யாரும் மறுக்கவில்லை. இரண்டாம் பாகத்தைக் கையால் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டார். ஆனால் தமிழ் மிஷினுக்கு ஸ்பிரிங் போய், பழுதுபார்க்க மெட்ராசுக்குப் போயிருந்தது. அந்தத் தாள்கள் என் மேஜையின் கீழ் டிராயரில், ஒரு கோப்பில், ஐந்து மாதம் இருந்தன.

பாழான பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மை அப்பிய பக்கங்கள், யாருக்கும் வேண்டாதவை. மாமா கடலுக்குப் போகாத நாட்களில் நானும் அவரும் உட்கார்ந்துகொண்டு படித்தோம். நான் ஸ்பூனால் அலுமினியச் சட்டியில் தட்டுவேன், பலமாக ஒன்று, மெல்லமாக ஒன்று. அவர் கூடவே சொல்வார். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்க அவருக்குச் சிரமம், அதனால் ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்; பார்த்துப் பார்த்து அந்தச் சொற்களின் உருவமும் அவர் கண்ணில் பதிந்துவிட்டது. ஓசை மட்டும் அபாரமாகப் பிடித்தார். எஞ்சின் சத்தத்தில் எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடிக்கிற காது அது.

"பூசை வேளையில தவுலு அடிக்கிறாப்பல ரெண்டு பேரும் என்னா பண்றீங்க?" என்று அக்கா கேட்பாள்.

"படிக்கிறம்டி. நீ மீன ஆய்ஞ்சு முடி" என்பார் மாமா.

ஃபிஸ்கெபோட் வந்ததும் அவர் நிறுத்தினார். "போட்டுன்னா போட்டுதானே டைப்பம்மா? மீன் புடிக்கிற போட்டா?"

"இருக்கும் மாமா."

"பாத்தியா, நானே கண்டுபுடிச்சிட்டேன். சரி, அடுத்ததுக்கு என்னா அர்த்தம்?"

"அதெல்லாம் ரெண்டாம் பாகத்துல வருது. இன்னும் அடிக்கல. மொதல்ல வாய் திரும்பட்டும்."

"வாய் திரும்புனா போதுமா? என்னாத்த சொல்றம்னு தெரிய வேணாமா?"

"அங்க போனா தன்னால தெரிஞ்சிடும் மாமா. நீங்க சொல்லுங்க."

நான் சொன்னது இதுதான், வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. அலுவலகத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது உண்மை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிராயரைத் திறந்து நாலு பக்கத்தைக் கையால் எழுதிக்கொள்ள யாரும் தடை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத் தோன்றவில்லை. பொருள் என்பது வேகத்தைக் கெடுக்கிற ஒன்று என்று அவ்வளவு ஆழமாகப் படித்திருந்தேன்.

நான்காம் பக்கத்தில் மூன்றாவது சொல் 'லிஃப்ஸ்ஃபாரெ'. லிஃப்ஸ், ஃபா, ரெ. முழு அழுத்தம் லிஃப்ஸ் மேல், அரை அழுத்தம் ஃபா மேல். எழுத்தில் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும், பக்கத்தில் ஸ் வருவதால் இப்படி ஒலிக்கும் என்று நார்வேக்காரர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. மாமா முதலில் லிப்ஸ்பாரெ என்றார். எங்கள் வாய்க்கு அந்த ஃபகரம் வராது. மேல் பல்லால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஊதுங்கள் என்று ஒரு வாரம் அவரைப் பாடுபடுத்தினேன். "காத்துதான் போவுது, சத்தம் வல்ல" என்று அக்கா சிரித்தாள். எட்டாவது நாள் வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் மாமா அதை வீட்டுக்குள் நுழையும்போதும் சொன்னார், சாப்பிட உட்காரும்போதும் சொன்னார். அக்கா அதையே அவருக்குப் பட்டப்பெயராக்கிவிட்டாள். சைக்கிள் சத்தம் கேட்டால், "லிஃப்ஸ்ஃபாரெ வந்தாச்சு, சோத்தப் போடு" என்பாள். அவளுக்கே நன்றாக வந்துவிட்டது.

தேர்வு நாங்கள் நினைத்ததைவிட முன்னாலேயே வந்துவிட்டது. மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு பயணியர் பங்களாவில் வைத்தார்கள். அந்தப் படகுத் துறையிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்திருந்தார், நம் அதிகாரிகள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். ஏழெட்டுப் பேர் போயிருந்தார்கள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதில் மாமாவும் பரங்கிப்பேட்டை ஆள் ஒருவரும் சமமாக இருந்தார்கள். அந்தப் பரங்கிப்பேட்டைக்காரர் வெளிநாட்டுக் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தவர், கூட வேலை பார்த்த நார்வே மாலுமிகளிடம் கொஞ்சம் பேச்சுக் கற்றிருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைக் கையாலேயே செய்து காட்டினாராம். ஆனால் புத்தகத்தைப் படிக்கச் சொன்னபோது எல்லா அசையையும் ஒரே மட்டமாகப் படித்திருக்கிறார். எஞ்சினியர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாராம்.

பிறகு மாமா படித்தார். இரண்டு பக்கம். படித்து முடிப்பதற்குள் எஞ்சினியர் எழுந்து நின்றுவிட்டார். மாமா கையைப் பிடித்துக் குலுக்கி, அவர் மொழியில் ஏதோ கேட்டார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துவிட்டு மூன்றாம் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தேர்வு அதோடு முடிந்துவிட்டது, மாமாவை எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கேட்டாரு பாரு, லட லடன்னு. நான் வுடுவனா? அடுத்த பக்கத்த எடுத்துட்டேன்." அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் நார்வேக்காரர் என் மேஜைக்கு வந்து, "தங்கள் உறவினரின் உச்சரிப்பு எங்கள் ஊராரின் உச்சரிப்பைப் போலவே இருந்ததாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பாசஞ்சரில் இடம் இருந்தும் சிதம்பரத்திலிருந்து ஓ.டி. வரை நின்றுகொண்டே வந்தேன். என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்தவரை நான் ஒரு சட்டியையும் ஸ்பூனையும் வைத்து நார்வேக்கு அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா போன பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. குளிர் எலும்பில் இறங்குகிறது, மீனில் உப்பும் இல்லை, காரமும் இல்லை, எஞ்சின்கள் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கின்றன என்று எழுதியிருந்தார். ஒரு கடிதத்தின் முடிவில், "நான் படிச்சாக்க எல்லாரும் மெச்சிக்கிறாங்க. அவுங்க பேசறதுதான் ஒண்ணும் வெளங்கல. போகப் போக சரியாயிடும்னு டைப்பம்மாகிட்ட சொல்லு" என்று இருந்தது. அக்கா அதை என்னைப் பலமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

தமிழ் மிஷின் மெட்ராசிலிருந்து திரும்பி வந்தது. நான் டிராயரைத் திறந்து இரண்டாம் பாகத்தை எடுத்து இரண்டே நாளில் அடித்து முடித்தேன். வழக்கம்போலப் படிக்காமல் அடித்தேன். நான்காம் பக்கத்தை அடித்தது நினைவில்லை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தன. பிரதிகள் கப்பல் தபாலில் போயின.

அவை போய்ச் சேருவதற்குள் தந்தி வந்துவிட்டது. கையில் காயம், உயிருக்கு ஒன்றுமில்லை, அனுப்பிவைக்கிறோம் என்று. அக்கா தந்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

மாமா மூன்றாம் மாதம் திரும்பினார். மெட்ராசிலிருந்து ரயிலில் வந்து ஓ.டி.யில் இறங்கினார். நல்ல கம்பளிக் கோட்டு போட்டிருந்தார், வலது கையை அதன் பைக்குள் வைத்திருந்தார். அந்த வெயிலில் கோட்டைக் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்குவதற்காகத்தான் கையை வெளியே எடுத்தார். பிறகு நினைவு வந்து, இடது கையால் வாங்கினார். வலது கையில் இரண்டு விரல் இல்லை, மூன்றாவதில் பாதி இல்லை.

ஒரு வாரம் போனது. பிறகு ஒரு மத்தியானம் அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார்.

படகுகளைக் கரைக்கு இழுக்கிற பெரிய வின்ச்சை அவருக்குக் காட்டினார்களாம். தோள் உயரத்துக்குப் பல்சக்கரங்கள், சுற்றி இரும்புக் கம்பி வேலி, வேலியில் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு. கூட ஒரு வயதான தொழிலாளி இருந்தார். சக்கரம் நின்றிருந்தது. மாமா போர்டைப் பார்த்தார். தெரிந்த சொல்லாக இருந்தது.

"படிச்சேன். சத்தமாவே படிச்சேன். லிஃப்ஸ்ஃபாரென்னு, நீ சொல்லிக் குடுத்தாப்பலயே. அந்தாளு திரும்பிப் பாத்தான். மூஞ்செல்லாம் சிரிப்பு. ஆமா ஆமான்னு தலையாட்டுனான், முதுவுல தட்டுனான். இவனுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டான் போலருக்கு. மேல போயிட்டான், சுச்சு போட."

"நீங்க என்னா பண்ணீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நான் என்னா பண்ணுவேன். பல்லுல கிரீஸ் எந்த மாதிரி போட்டுருக்கான்னு பாக்கணும்னு இருந்திச்சு. நின்னுட்டுதான இருக்குன்னு வேலிக்குள்ள கைய வுட்டேன்."

பிறகு அவரே சொன்னார். "தப்புத் தப்பா படிச்சிருந்தா அவன் நின்னு சொல்லிக் குடுத்துருப்பான். மத்தவங்களுக்கெல்லாம் கையப் புடிச்சிக் காட்டுனான். எனக்குத்தான் காட்டல."

இதில் என்னைக் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை. ஒரு எஞ்சின் ஏன் நின்றுபோனது என்று விளக்குவது போலத்தான் சொன்னார். அக்கா இறால் தோலை முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு மீதி இறாலை உரித்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் இரண்டாம் பாகத்தின் ஒரு பிரதியை எடுத்து நான்காம் பக்கத்தைப் பார்த்தேன். மூன்றாவது சொல். உயிருக்கு ஆபத்து, நெருங்காதே. பிழையில்லாமல், வரி நேராக, நான் தட்டியது. மூலத் தாளின் ஓரத்தில் நார்வேக்காரர் தன் கையெழுத்தில் அடிக்கோடு போடச் சொல்லியிருந்ததற்கு இணங்க அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பிழை என்னுடையது" என்றார். ஓசையை முதலில் கொடுத்தது தான்தான், பொருளைப் பிரித்துவைத்தது தான்தான் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் பங்கு அவருக்கு இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. என் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாரே என்றுதான் கோபம். "இல்லைங்க, எங்கிட்ட கேட்டாரு. நான்தான் சொல்லல" என்றேன். இவ்வளவு பேச்சுத் தமிழ் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் அவர் ஊருக்குப் போய்விட்டார். போவதற்கு முன் இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கி, சொல்லுக்கு எதிரிலேயே பொருள் வருகிற மாதிரி என்னை மறுபடி அடிக்கச் சொன்னார்.

அந்த ஒரு வேலையை மட்டும்தான் படித்துக்கொண்டே அடிப்பேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு படிக்காமல் அடிக்க முடியவில்லை. கம்பெனிக் கடிதமாக இருந்தாலும், சம்பளப் பட்டியலாக இருந்தாலும், ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று நின்று பார்த்துவிட்டுத்தான் விரல் நகர்ந்தது. என் வேகம் பாதியாகக் குறைந்தது. மேலதிகாரி கூப்பிட்டு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார்.

அடுத்த தடவை பரங்கிப்பேட்டைக்காரர் போனார். போய்விட்டு முழுசாக வந்து ஒர்க்ஷாப் பொறுப்பை ஏற்றார். வந்ததும் ஒரு பை நிறையப் பழத்தோடு மாமாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். "மச்சான், ஒங்க எடத்துலதான் நான் ஒக்காந்திருக்கேன்" என்றார். மாமா, "யார் ஒக்காந்தா என்னா, எஞ்சின் ஓடுனா சரி" என்றார். இரண்டு பேரும் பம்பு வால்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குத் துறைமுகத்தருகே ஒரு ஐஸ் கம்பெனியில் கேட்டில் உட்கார வேலை கிடைத்தது. பிறகு அவர் கடலுக்குப் போகவே இல்லை. அக்கா கேட்டது அதுதான், அது கிடைத்துவிட்டது. அவள் அதற்காக ஒருநாளும் சந்தோஷப்பட்டு நான் பார்க்கவில்லை. மாமாவின் சைக்கிள் சத்தம் கேட்டால் அவள் பேசாமல் தட்டை எடுத்து வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா என்னைக் கூப்பிட்டார். எதிரில் அந்த அலுமினியச் சட்டி இருந்தது, அக்கா கழுவி வைத்ததாக இருக்கலாம்.

"டைப்பம்மா, அந்த அர்த்தம் போட்ட பொஸ்தகம் இருக்குன்னியே. கொண்டா."

"இப்ப எதுக்கு மாமா?"

"பன்னெண்டு பக்கம் மனப்பாடமா கெடக்குது உள்ள. என்னாத்த வெச்சிருக்கேன்னு தெரிஞ்சிக்க வேணாமா?"

நான் புதிதாக அடித்த பிரதியைக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக வரிசை மாறாமல் சொன்னார். அழுத்தம் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. நான் பொருளைச் சொன்னேன். ஃபிஸ்கெபோட் என்றார், மீன்பிடிப் படகு என்றேன், "அத நானே கண்டுபுடிச்சேன்" என்றார். மஷீன்ரும் என்றார், எஞ்சின் அறை என்றேன். ஸ்விங்யூல் என்றார், சுழல்சக்கரம் என்றேன். "அட, ப்ளைவீலா! தெனமும் காட்டிக் காட்டிச் சொல்லுவானே" என்று தொடையில் தட்டிக்கொண்டார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சில சொல்லுக்கு மாமா தலையாட்டினார், சிலவற்றுக்குச் சிரித்தார், தெரிந்திருந்தால் அங்கே யாரிடம் எதைக் கேட்டிருக்கலாம் என்று சிலவற்றுக்குச் சொன்னார்.

நான்காம் பக்கம் வந்தது. முதல் சொல்லைச் சொன்னார், பொருளைச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னார், பொருளைச் சொன்னேன். மூன்றாவதையும் சொன்னார், மேல் பல்லால் கீழுதட்டைக் கடித்து, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, லிஃப்ஸ் மேல் முழு அழுத்தம், ஃபா மேல் அரை அழுத்தம். என் கண்ணுக்கு நேரே பொருள் இருந்தது, நான் அடித்ததுதான். வாயைத் திறந்தேன்.

"அது தெரியும்" என்றார் மாமா. "அடுத்தது சொல்லு."